‘பால் பத்தலை’ என்று முடிவு கட்டும் முன்: பிறந்த குழந்தைக்குப் பாலூட்டும் முதல் நாட்கள்

பிரசவ வார்டில் இரண்டாம் நாள் ராத்திரி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். முதல் நாள் முழுக்கத் தூங்கிய குழந்தை இப்போது மார்பை விட்டு எடுத்தால் அழும். வைத்தால் பத்து நிமிடம் சப்பும், கண்ணயரும், தொட்டிலில் போட்டதும் மறுபடி வீறிடும். மூன்று மணிக்கு யாராவது ஒருவர், “பால் பத்தலை போல, பிள்ளை பசியில கத்துது” என்பார். விடிவதற்குள் கீழே மெடிக்கலில் இருந்து பவுடர் டப்பா மேலே வந்துவிடும்.

அந்த ராத்திரியில் பெரும்பாலான தாய்மார்களுக்குப் பால் பத்தாமல் இல்லை. குழந்தை மார்பை விடாமல் சப்புவதுதான் அடுத்த இரண்டு நாளில் பால் பெருகுவதற்கான கட்டளை. உண்மையாகவே பால் பத்தாத குழந்தைகளும் உண்டு, அவர்களைத் தவறவிடவும் கூடாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது குழந்தையின் அழுகையல்ல. வாய் மார்பைப் பிடிக்கும் விதம், நனையும் துணிகளின் எண்ணிக்கை, எடை ஆகிய மூன்றும்தான். இந்தக் கட்டுரை அந்த மூன்றையும், பவுடர் பாலோ புட்டியோ தேவைப்பட்டால் அதைச் சரியாகக் கொடுக்கும் முறையையும் சொல்கிறது.

முதல் ஒரு மணி நேரம்

குழந்தை பிறந்ததும் துடைத்து, துணியில்லாமல் தாயின் வெறும் மார்பில் குப்புறப் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தலையில் குல்லாய் போடலாம். குழந்தை சில நிமிடம் சும்மா கிடக்கும், பிறகு கையைச் சப்பும், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும், மெல்ல நகர்ந்து காம்பைத் தேடும். அவசரப்படுத்தாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் ஒரு மணி நேரத்துக்குள் தாமாகவே பிடித்துவிடும். எடை போடுவது, குளிப்பாட்டுவது, உறவுகளுக்குக் காட்டுவது எல்லாம் காத்திருக்கலாம்.

சிசேரியன் என்றாலும் இது முடியும். முதுகில் ஊசி போட்டுச் செய்த அறுவையில் தாய் விழித்துத்தான் இருப்பார். ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டால் போதும். “தாயும் சேயும் நன்றாக இருந்தால் உடனே மார்பில் போடுங்கள்” என்று பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுவென்று, சொட்டுச் சொட்டாக வரும். ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. பார்க்கிறவர்கள் பதறும் இடம் இதுதான். ஆனால் முதல் நாள் குழந்தையின் வயிறு வசதியாகக் கொள்வதே ஏறக்குறைய 5 முதல் 7 மி.லி. மூன்றாம் நாள் 25 மி.லி. பக்கம், ஒரு வாரத்தில் 45 முதல் 60 மி.லி. சீம்பாலின் அளவு அந்த வயிற்றுக்குத் தக்கதாகவே இருக்கிறது. நோய் எதிர்ப்புப் பொருட்கள் செறிந்த அதைப் பீய்ச்சிக் கொட்டுவது பெரிய இழப்பு.

சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். பெரியவர்களிடம் சண்டை போடத் தேவையில்லை. “ஒரு வயசு முடிஞ்சதும் நீங்களே உங்க கையால வைங்க பாட்டி” என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பிடிக்க வைப்பது

பாலூட்டுவதில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. காம்பு வெடிப்பது, பால் கட்டுவது, குழந்தைக்கு எடை ஏறாதது என எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்க வேண்டியது வாய் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதே.

முதலில் நீங்கள் வசதியாக உட்காருங்கள். முதுகுக்கு ஒரு தலையணை, மடியில் ஒன்று, கால் தொங்கினால் பாதத்துக்கு ஒரு சின்ன ஸ்டூல். குழந்தையை மார்பு உயரத்துக்குத் தூக்குங்கள். மார்பைக் குழந்தையிடம் குனிந்து கொண்டுபோனால் இரண்டே நாளில் முதுகு பிடித்துக்கொள்ளும்.

குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றைத் தொட வேண்டும். காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மல்லாந்து படுத்தபடி கழுத்தை மட்டும் திருப்பிக் குடிக்க வைத்தால் அதற்கு விழுங்க முடியாது. நீங்கள் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்துப் பாருங்கள், தெரியும்.

வலது மார்பில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். இடது கையால் குழந்தையின் தோளையும் கழுத்தடியையும் தாங்குங்கள். பின்மண்டையை அழுத்தக் கூடாது, அழுத்தினால் அது தலையைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும். வலது கையால் மார்பைக் கீழிருந்து தாங்குங்கள். விரல்கள் கருவட்டத்துக்கு வெளியே தள்ளி இருக்கட்டும். கத்தரிக்கோல் போல இரண்டு விரலால் காம்பை இடுக்கிக் கொடுக்கும் பழக்கம் பால் வரும் வழியை அடைக்கும்.

இனி கவனமாகப் பாருங்கள். காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும். காம்பால் மேலுதட்டை மெல்ல வருடுங்கள். வாய் கொஞ்சம் திறக்கும், அப்போது வைக்காதீர்கள். இன்னொரு முறை வருடுங்கள். கொட்டாவி விடுவது போல அகலத் திறந்து, நாக்கு கீழே இறங்கும். அந்த நொடியில் குழந்தையைச் சட்டென்று உங்கள் பக்கம் அணையுங்கள். முதலில் தாடை மார்பில் பட வேண்டும், பிறகு காம்பு மேலண்ணத்தை நோக்கி உள்ளே போக வேண்டும். சரியாகப் பிடித்திருந்தால்:

- தாடை மார்பில் புதைந்திருக்கும், மூக்கு விலகி இருக்கும்.
- கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும்.
- கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியும், கீழே ஏறக்குறைய தெரியாது.
- கன்னம் உப்பியிருக்கும். குழி விழுந்தாலோ ‘டக் டக்’ என்று சத்தம் வந்தாலோ பிடி தவறு.

முதல் சில நொடி இழுக்கிற வலி சிலருக்கு இருக்கலாம். அரை நிமிடம் தாண்டியும் வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். சுண்டு விரலை வாயோரமாக ஈறுகளுக்கு நடுவே விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்து, மறுபடி வையுங்கள். வெடுக்கென்று இழுத்தால் காம்பு கிழியும். வெளியே வந்த காம்பு லிப்ஸ்டிக் முனை போலச் சரிவாக நசுங்கியிருந்தால், குழந்தை காம்பை மட்டும் கடித்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

அடுத்தது, பால் உள்ளே போகிறதா என்பது. தொடக்கத்தில் குழந்தை வேகவேகமாக, சிறிது சிறிதாகச் சப்பும். இது பாலை அழைக்கும் சப்பல். ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் இறங்கியதும் தாளம் மாறும். தாடை நன்றாகக் கீழே இறங்கும், அடியில் ஒரு கணம் நிற்கும், பிறகு மேலே வரும். அந்த ஒரு கண நிறுத்தம்தான் வாய் நிறையப் பால் வந்ததன் அடையாளம். கூடவே ‘க்கா’ என்று மூச்சு விடுவது போன்ற மெல்லிய விழுங்கும் சத்தம் கேட்கும். இந்த நிறுத்தத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட தாய் கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை. நிறுத்தமே இல்லாமல் சும்மா படபடவென்று நாற்பது நிமிடம் சப்பும் குழந்தை குடிக்கவில்லை.

நிறுத்தங்கள் குறைந்து கண்ணயரும்போது, மார்பைக் கையால் மெதுவாக அமுக்கிக் கொடுங்கள். மறுபடி விழுங்கத் தொடங்கும். அதுவும் நின்றதும் அடுத்த பக்கம். ‘ஒரு பக்கம் பத்து நிமிடம்’ என்று கணக்கு வைக்காதீர்கள். போகப் போகக் கொழுப்பு கூடி வரும் பின்பாலை அது பாதியில் வெட்டிவிடும்.

சிசேரியன் ஆனவர்களுக்கு ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பதும், குழந்தையின் காலை உங்கள் முதுகுப் பக்கமாக விட்டுக் கைக்கு அடியில் அணைத்துக் கொடுப்பதும் தையலில் படாது.

காம்பு உள்ளே இழுத்திருந்தால்

குழந்தை குடிப்பது கருவட்டத்தை, காம்பை அல்ல. அதனால் தட்டையான காம்பு பெரும்பாலும் தடையாகாது. உண்மையாகவே உள்ளே இழுத்திருந்தால் நம்மூர் மருத்துவமனைகளில் நெடுங்காலமாகச் செய்யும் சிரிஞ்சு முறை இருக்கிறது. புதிய 10 மி.லி. சிரிஞ்சை எடுத்து (பெரிய காம்புக்கு 20 மி.லி.), ஊசி மாட்டும் முனைப் பக்கத்தைப் பிளேடால் நேராக வெட்டி எடுத்துவிட வேண்டும். உள்ளிருக்கும் தண்டை உருவி, வெட்டிய பக்கத்தின் வழியாக நுழைக்க வேண்டும். இப்போது வெட்டாத வழவழப்பான வாய் காலியாக இருக்கும், அதைத்தான் காம்பின் மேல் வைக்க வேண்டும். சொரசொரப்பான பக்கம் தோலில் படவே கூடாது. தண்டை மெல்லப் பின்னால் இழுத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வைத்திருந்து, எடுக்கும் முன் கொஞ்சம் உள்ளே தள்ளிக் காற்றழுத்தத்தை விடுங்கள். வலித்தால் குறைத்து இழுங்கள். ஒவ்வொரு முறை கொடுக்கும் முன்பும் செய்து, காம்பு வெளியே நிற்கும்போதே குழந்தையைப் பிடிக்க வையுங்கள்.

எத்தனை தடவை

24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. இடைவெளி ஒரே சீராக இராது. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருக்கும், பிறகு மூன்று மணி நேரம் தூங்கும். இது வழக்கம்தான்.

அழுகை பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே கண் இமைக்குள் அசைவு, நாக்கை நீட்டுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது எல்லாம் நடக்கும். அப்போதே எடுத்தால் எளிதாகப் பிடிக்கும். வீறிட்டு அழும் குழந்தையின் நாக்கு மேலே ஏறியிருக்கும், பிடிக்காது. முதலில் வெறும் மார்பில் அணைத்து அமைதிப்படுத்துங்கள்.

பிறந்த எடையைத் திரும்ப எட்டும் வரை பகலில் 3 மணி நேரத்துக்கு மேலும், இரவில் 4 மணி நேரத்துக்கு மேலும் தூங்க விடக் கூடாது. சுற்றிய துணியை அவிழ்ப்பது, துணி மாற்றுவது, உள்ளங்காலைத் தேய்ப்பது போதும், எழும். மஞ்சள் காமாலை உள்ள குழந்தையும், எடை குறைந்த குழந்தையும் தூங்கியே வழியும். ‘சமத்துப் பிள்ளை’ என்று விட்டுவிடுவது ஆபத்து. இரவில் கொடுப்பதைத் தவிர்க்காதீர்கள், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம்.

பால் பத்துகிறதா: எண்ணிப் பார்ப்பது

தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். குடித்த நேரம், சிறுநீர், மலம் மூன்றையும் முதல் இரண்டு வாரம் எழுதுங்கள்.

முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று குறைந்தபட்சச் சிறுநீர்க் கணக்கு ஏறும். ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து ஆறு தடவைக்குக் குறையக் கூடாது, நிறமும் தண்ணீர் போல வெளிறி இருக்க வேண்டும். டயப்பர் போட்டால் நனைந்தது தெரியாது. இந்த இரண்டு வாரம் பருத்தித் துணி கட்டுவது நல்லது. முதல் இரண்டு மூன்று நாளில் துணியில் செங்கல் பொடி போன்ற ஆரஞ்சுக் கறை தெரியலாம், அது ரத்தமல்ல, யூரேட் உப்பு. நான்காம் நாளுக்குப் பிறகும் அது தெரிந்தால் பால் குறைவாகப் போகிறது.

மலம் முதலில் தார் போலக் கருத்து ஒட்டும். மூன்றாம் நாள் பச்சையாகும். ஐந்தாம் நாளுக்குள் கடுகு மஞ்சளாக, தண்ணீராக, விதை விதையாக மாற வேண்டும். ஐந்து நாளாகியும் கருப்பாகவே இருந்தால் குழந்தையைக் காட்டுங்கள். தாய்ப்பால் குழந்தை ஒரு நாளில் ஆறேழு தடவை மஞ்சளாகப் போவது பேதி இல்லை.

எடையைப் பற்றிய பயம்தான் அதிகம், எனவே கணக்காகவே சொல்லலாம். 3 கிலோவில் பிறந்த குழந்தை நான்காம் நாள் 2 கிலோ 800 கிராம் இருந்தால், இறக்கம் 7 சதவீதத்துக்குள்தான், வழக்கமானது. 7 சதவீதம் தாண்டினால் பிடிக்கும் விதத்தை ஒருவர் நேரில் பார்த்துத் திருத்த வேண்டும். 2 கிலோ 700 கிராமைத் தொட்டால் அது 10 சதவீதம், அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி 3 கிலோ வர வேண்டும். அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். ஒரே தராசில், துணியில்லாமல் எடை போட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் எடை போடச் சொல்லிக் கேளுங்கள்.

பால் குறைவு என்று தவறாக நினைக்க வைப்பவையும் உண்டு. இரண்டு வாரம் கழித்து மார்பு மென்மையாகிவிடும், சுரப்பு குழந்தையின் தேவைக்குப் பழகியதால்தான். பம்ப் வைத்தால் 20 மி.லி.தான் வருகிறது என்பார்கள், குழந்தை இழுக்கும் அளவுக்குப் பம்ப் இழுக்காது. மார்பில் குடித்த பிறகும் புட்டியில் 30 மி.லி. குடித்துவிட்டதே என்பார்கள். வாயில் நிப்பிள் பட்டால் சப்புவதும், வாயில் வழிந்ததை விழுங்குவதும் அனிச்சைச் செயல். அது பசிக்குச் சாட்சியாகாது.

இந்த இடத்தில்தான் ‘கொஞ்சம் பவுடர் பால்’ என்ற பொறி இருக்கிறது. இரவில் 60 மி.லி. கொடுத்தால் குழந்தை நாலு மணி நேரம் தூங்கும். அந்த நாலு மணி நேரம் மார்பு காலியாகாமல் நிற்கும். தேங்கிய பால் சுரப்பைக் குறைக்கச் சொல்லும். மறுநாள் பால் இன்னும் குறையும், புட்டி இன்னொன்று கூடும். பத்து நாளில் ‘எனக்குப் பாலே இல்லை’ என்று ஒரு பெண் உண்மையாகவே நம்பிவிடுவாள். அவள் உடம்பில் குறை எதுவும் இருந்திருக்காது.

பாலூட்டும் தாய்க்குச் சோறும் தண்ணீரும்

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும், ஒவ்வொரு தடவை பாலூட்டும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். வழக்கத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 முதல் 600 கலோரி கூடுதலாக வேண்டும், ஒரு வேளைச் சாப்பாடு அளவு. பூண்டு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை பிடித்தால் நன்றாகச் சாப்பிடட்டும். ஆனால் சுரப்பைக் கூட்டுவது மார்பு அடிக்கடி காலியாவதே. தாய் தூங்கவும், அழாமல் இருக்கவும் வீட்டார் செய்யும் உதவி பூண்டுக் குழம்பைவிடப் பெரிது. பதற்றமும் வலியும் பாலை இறங்க வைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைத் தடுக்கும். அது தடைப்பட்டால் இருக்கும் பாலே இறங்காது.

பால் கட்டினால், காம்பு வெடித்தால்

மூன்றாம் நான்காம் நாள் மார்பு கல்லாகி, கருவட்டம் இறுகி, குழந்தையால் பிடிக்கவே முடியாமல் போகும். முதலில் ஒன்றிரண்டு நிமிடம் வெதுவெதுப்பான துணி ஒத்தடம். பிறகு கையால் கொஞ்சம் கறக்க வேண்டும். கட்டைவிரல் மேலே, ஆட்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து 2 முதல் 3 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் விலா எலும்புப் பக்கமாக உள்ளே அழுத்துங்கள், பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்குங்கள், விடுங்கள். தோலின் மேல் வழுக்கித் தேய்க்க வேண்டாம், காம்பைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். முதல் சில அமுக்கலில் ஒன்றும் வராது, விடாமல் செய்தால் சொட்டி, பிறகு பீய்ச்சும். கருவட்டம் மென்மையானதும் நிறுத்திக் குழந்தையைப் போடுங்கள். குடித்து முடித்ததும் குளிர்ந்த ஒத்தடம் வீக்கத்தைக் குறைக்கும். மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது பாலை வற்ற வைக்கச் செய்யும் வழக்கம். பாலூட்டப் போகிறவருக்கு அது வேண்டாம்.

வெடித்த காம்பில் கடைசிச் சொட்டுப் பாலைத் தடவிக் காற்றில் உலர விடுங்கள். சோப்பு போடாதீர்கள். பிடியைத் திருத்தாமல் களிம்பு மட்டும் போட்டால் ஆறாது. மார்பில் ஒரு பகுதி மட்டும் சிவந்து, வலித்து, குளிர்காய்ச்சல் வந்தால் அது மார்பழற்சி. அன்றே மருத்துவரைப் பாருங்கள், பாலூட்டுவதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சீழ் கட்டலாம்.

மேல்பால் உண்மையாகவே தேவைப்படும்போது

எடை 10 சதவீதம் இறங்கியது, ரத்தச் சர்க்கரை குறைந்தது, குறைமாதம், தாய் தீவிர சிகிச்சையில் இருப்பது போன்ற காரணங்களுக்கு மருத்துவர் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். அதில் குற்றவுணர்ச்சி எதற்கும் இடமில்லை. தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலும், புற்றுநோய் மருந்து எடுத்தாலும் மருத்துவர் சொல்படி முடிவு செய்யுங்கள். முதல் தேர்வு, தாயே கறந்த பால். அடுத்தது, கிடைத்தால், தாய்ப்பால் வங்கியின் பால். அதற்கடுத்துத்தான் பவுடர். பசும்பால், தண்ணீர் கலந்த ஆவின் பால் எதுவும் ஒரு வயது வரை தாய்ப்பாலுக்கு மாற்றாகாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு, புரதமும் உப்பும் சின்னச் சிறுநீரகத்துக்கு அதிகம்.

தாய்ப்பாலுக்கு மேலதிகமாகக் கொடுக்கும் அளவு, ஒரு வேளைக்கு: முதல் நாள் 2–10 மி.லி., இரண்டாம் நாள் 5–15, மூன்றாம் நாள் 15–30, நான்காம் நாள் 30–60. முதல் வாரம் முடிந்த, பவுடர் பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 150 மி.லி. 3 கிலோ குழந்தைக்கு 450 மி.லி., எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55 மி.லி. பக்கம். மேல்பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் மார்பைக் கறந்தோ பம்ப் செய்தோ காலி செய்யுங்கள், அப்போதுதான் திரும்பி வர முடியும்.

கொடுக்கும் கருவி எதுவாக இருக்கட்டும் என்றால், முதல் மாதத்தில் புட்டியைவிடப் பாலாடைதான் எங்கள் பரிந்துரை. மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தில் கழுவ முடியாத மூலை கிடையாது, மார்பில் சப்பும் பழக்கத்தையும் கெடுக்காது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் காலை நீட்டி அதில் குழந்தையை மல்லாத்தி, அழும் வாயில் சங்கால் ஊற்றும் முறை கூடாது. பால் மூச்சுக்குழலுக்குப் போகும். குழந்தையை முக்கால்வாசி நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கை வாயின் ஓரத்தில் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்கவும். அது நக்கி உறிஞ்சி விழுங்கியபின் அடுத்த வாய்.

பவுடர் பால் கலக்கும் முறை

பவுடர் கிருமியற்றதல்ல. சீல் பிரிக்காத டப்பாவிலும் குரோனோபேக்டர் என்ற கிருமி இருக்கலாம், அது பிறந்த குழந்தைக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்தால் அது சாகாது. 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்வது இதனால்தான்.

1. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.
2. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து இறக்குங்கள். அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்தினால் தேவையான சூடு இருக்கும். இரவுக்கு வெந்நீரை நல்ல பிளாஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், கலந்த பாலைப் பிளாஸ்க்கில் வைக்கவே கூடாது.
3. தண்ணீரை முதலில் புட்டியில் ஊற்றி, மேசை மேல் வைத்து, கண் மட்டத்தில் கோட்டைப் பாருங்கள். பவுடரை முதலில் போட்டுவிட்டு அதே கோடு வரை தண்ணீர் ஊற்றினால் பால் கெட்டியாகிவிடும்.
4. அந்த டப்பாவோடு வந்த ஸ்கூப்பால் அள்ளி, கத்தியின் முதுகால் வழித்துத் தலைதட்டுங்கள். குவித்தும் அள்ளாதீர்கள், அமுக்கியும் நிரப்பாதீர்கள். நம் கடைகளில் உள்ள பெரும்பாலான டப்பாக்களில் 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு ஸ்கூப், உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்பதையே நம்புங்கள்.
5. மூடிச் சுழற்றிக் கரையுங்கள். குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.
6. கலந்து 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை வாய் வைத்து மீந்ததை அப்போதே கொட்டுங்கள்.

டப்பா பத்து நாள் வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவது குழந்தையைப் பட்டினி போடும், உடலில் உப்பு குறைந்து வலிப்பும் வரலாம். எடை ஏறட்டும் என்று பவுடரைக் கூட்டினால் நீர்ச்சத்து வற்றும், மலம் இறுகும். சர்க்கரை, கஞ்சி, பிஸ்கட் எதையும் கரைக்க வேண்டாம். பிரசவ வார்டில் யாராவது இலவச மாதிரி டப்பாவோ புட்டியோ கொடுத்தால், 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.

புட்டியில் கொடுப்பது

அகல வாய்ப் புட்டி, பிறந்த குழந்தைக்கான மெதுவான நிப்பிள். கவிழ்த்தால் நொடிக்கு ஒரு சொட்டு போல விழ வேண்டும். ஒழுகினால் துளை பெரிது, திணறும்.

குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்தாற்போல் அணைத்து, புட்டியைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள், நிப்பிள் முனையில் பால் இருந்தால் போதும். உதட்டை வருடி, அது வாய் திறந்து தானே இழுத்துக்கொள்ளட்டும். ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை புட்டியைக் கீழே சாய்த்து மூச்சு வாங்க விடுங்கள். 15 முதல் 20 நிமிடம் ஆகட்டும். விரல்களை விரிப்பது, புருவம் சுருக்குவது, வாயோரம் வழிவது எல்லாம் ‘வேகம் அதிகம்’ என்கிற மொழி. தலையைத் திருப்பினால் முடிந்தது, கடைசி 10 மி.லி.யை உள்ளே திணிக்காதீர்கள். தலையணையில் புட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், குழந்தை மூச்சடைத்துப் போகலாம்.

குடித்ததும் உடனே பாகம் பாகமாகக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, நிப்பிளை உள்வெளியாகப் புரட்டிக் கழுவுங்கள். பால் ஆடை ஒட்டியிருந்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை. பிறகு முழுவதும் முங்கும்படி தண்ணீரில் போட்டு, கொதி வந்தபின் 10 நிமிடம். உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. துணியால் துடைக்காமல் மூடிய பாத்திரத்தில் உலர விடுங்கள்.

ஏப்பம், எதுக்களிப்பு, தண்ணீர்

தோளில் சாய்த்தோ மடியில் நிமிர்த்தித் தாடையைத் தாங்கியோ முதுகை நீவுங்கள். ஐந்து நிமிடத்தில் ஏப்பம் வராவிட்டால் விட்டுவிடலாம். மார்பில் குடிக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் வராது. வாயோரம் தயிராக எதுக்களிப்பது நோயல்ல. விக்கலுக்குத் தண்ணீர் வேண்டாம். சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் வரை தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் முதல் நாட்களிலிருந்தே நாளொன்றுக்கு 400 யூனிட் கொடுப்பது வழக்கம். பாட்டிலுக்குப் பாட்டில் ஒரு மி.லி.யின் வீரியம் வேறுபடும், அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

கறந்த பாலை வைத்திருக்க

25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் வீட்டு அறை பெரும்பாலும் அதைவிடச் சூடு, எனவே கறந்ததும் ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். நான்கு நாள் வரை வைக்கலாம் என்றாலும், கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் ஒரு நாளோடு முடித்துக்கொள்ளுங்கள். மேலே மிதக்கும் ஆடை கெட்டுப்போனதல்ல, சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சுட வைக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பள விடுப்பும், திரும்பி வந்தபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளையும் சட்டத்தில் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

நன்றாகக் குடித்த குழந்தை திடீரென்று குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, நான்காம் நாளுக்குப் பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீரே போகாதது, உச்சிக்குழி உள்ளே இறங்குவது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிட்டுப் போவது. நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சுக் கூடு உள்வாங்குவது. முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிவதும், பின்னர் அது உள்ளங்கை, பாதம் வரை இறங்குவதும். பச்சையாக வாந்தி, ஒவ்வொரு வேளையும் பீய்ச்சியடிக்கும் வாந்தி, வலிப்பு.

இதில் ஒன்று இருந்தாலும் இரவென்று பார்க்காமல் 108ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104. வண்டி வரும்வரையும் வழியிலும் குழந்தையைத் துணியில்லாமல் உங்கள் நெஞ்சோடு ஒட்ட வைத்து, வெளியே போர்த்துக்கொள்ளுங்கள். விழித்திருந்து விழுங்க முடிகிற குழந்தைக்கு மட்டும் பால் கொடுக்கலாம். வாந்தி எடுக்கிற, துவண்ட குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், கடைசியாகக் குடித்தது எப்போது, சிறுநீர் போனது எப்போது என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.